சீஸ் கர்ட் பொரிக்க: பீர் மாவா, பிரெட் தூளா, ஏர் ஃப்ரையரா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவல் சாப்பிட, சப்பர் கிளப் எனப்படும் பழைய பாணி உணவகம் ஒன்றுக்குப் போனால், மீன் வருவதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்து மேசைகளில் கூடை கூடையாகப் பொரித்த சீஸ் கர்ட் இறங்கியிருக்கும். வெளியே மொறுமொறு, உள்ளே கடித்து இழுத்தால் நூலாக நீளும் இளம் செடார் சீஸ். கர்ட் என்றால் இங்கே தயிர் இல்லை, அச்சில் இட்டு அழுத்தாத செடார் துண்டுகள். ஆகஸ்டில் மில்வாக்கி பக்கத்தில் வெஸ்ட் ஆலிஸில் நடக்கும் மாநிலக் கண்காட்சியிலும் இதற்குத் தனிக் கூட்டம் நிற்கும். சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு நாள் வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். அப்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். பீர் ஊற்றிக் கரைத்த மாவில் முக்கிப் பொரி என்று ஒரு குறிப்பு சொல்லும். முட்டையில் நனைத்துப் பிரெட் தூளில் புரட்டு என்று இன்னொன்று சொல்லும். எண்ணெயே வேண்டாம், ஏர் ஃப்ரையர் போதும் என்று மூன்றாவது வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்பூச்சையும் பொரிக்கும் முறையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி என்றால் பீர் மாவு. ஏர் ஃப்ரையர் என்றால் பிரெட் தூள், அதுவும் இரண்டு பூச்சு. வீட்டில் செய்து சொதப்பியதாகக் கேள்விப்படும் கதைகளில் பாதி, இந்த ஜோடியை மாற்றிப் போட்டதால் வந்தவைதான். எதை எடுப்பது என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேர், எப்போது சாப்பிடப் போகிறீர்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கத் தயாரா என்பதைப் பொறுத்தது.

எந்தக் கர்ட் வாங்குவது

பாலில் பாக்டீரியா கல்சரும் ரென்னெட் என்ற நொதியும் விட்டு உறைய வைக்கிறார்கள். உறைந்ததைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, மெல்லச் சூடேற்றிக் கிளறி, பிரியும் தண்ணீரை வடிக்கிறார்கள். அடியில் திரண்டு ஒட்டிக்கொள்ளும் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புரட்டி, கடைசியில் விரல் நீளத் துண்டுகளாக்கி உப்புப் போடுகிறார்கள். அந்தத் துண்டுகளை அச்சில் இட்டு அழுத்தி மாதக்கணக்கில் வைத்தால் செடார் சீஸ். அழுத்தாமல் அப்படியே பையில் போட்டு விற்றால் கர்ட். சுமார் பத்து பவுண்டு பாலில் ஒரு பவுண்டு தேறும்.

அன்றைக்குச் செய்த கர்ட்டைப் பச்சையாகக் கடித்தால் பல்லில் 'கீச்' என்று சத்தம் வரும். அதில் இருக்கும் பால் புரதம் கால்சியத்தால் இறுகப் பிணைந்து ரப்பர் மாதிரி இருக்கிறது. பல்லில் உரசும்போது கீச்சிடுகிறது. நேரம் போகப் போக பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் அந்தக் கால்சியத்தைக் கரைத்துவிடும், புரதமும் தளர்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த கர்ட் ஓரிரு நாளில் சத்தத்தை விட்டுவிடுவது இதனால்தான். மைக்ரோவேவில் சில விநாடி காட்டினால் கொஞ்சம் திரும்ப வரும்.

மாநிலத் தலைநகர் மேடிசனில் 1972 முதல் நடக்கும் டேன் கவுண்டி உழவர் சந்தையில், சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றிச் சனிக்கிழமை காலையில் இந்தக் கீச்சிடும் கர்ட் பைகள் விற்கும். அதை வாங்கி வந்து எண்ணெயில் போடலாமா என்று கேட்டால், போட வேண்டாம் என்பேன். அந்தச் சத்தம்தான் புதுக் கர்ட்டின் அழகு. சூடான எண்ணெயில் அது அரை நிமிடம்கூடத் தாங்காது. பையைப் பிரித்து நடந்துகொண்டே தின்னுங்கள். பொரிப்பதற்கு, ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருந்த கர்ட் போதும். கால்சியப் பிடி தளர்ந்திருப்பதால் அது நன்றாகவே உருகும், மேலே ஈரமும் குறைவாக இருக்கும், மாவும் நன்றாக ஒட்டும். விஸ்கான்சின்காரர்கள் சிலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். இரண்டையும் ஒரே சட்டியில் அடுத்தடுத்துப் பொரித்துக் கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

விஸ்கான்சினுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. 1984-இல் ஆளுநர் ஆந்தனி ஏர்ல் 'விஸ்கான்சினின் சீஸ் கர்ட் தலைநகரம்' என்று அறிவித்த ஊர் எல்ஸ்வொர்த். அந்த ஊர் கூட்டுறவு ஆலையின் பாக்கெட்டுகள் மற்ற மாநிலங்களின் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் போகின்றன. பச்சையாகச் சாப்பிட அவை சுமார்தான், பொரிக்கத் தாராளமாக ஆகும். ஃப்ரீசரில் கிடந்த கர்ட்டும் பரவாயில்லை. உதிரும் தன்மை கொஞ்சம் வந்திருக்கும், அதனால் ஃப்ரிட்ஜிலேயே மெல்ல இளக விட்டு, பேப்பர் டவலில் ஒற்றி எடுத்துவிட்டு மாவில் போடுங்கள்.

வெள்ளையா மஞ்சளா என்று யோசிக்கவே வேண்டாம். மஞ்சளில் இருப்பது அன்னட்டோ என்ற விதைச் சாயம், ருசி ஒன்றுதான்.

வீட்டிலேயே பாலில் இருந்து கர்ட் செய்து பொரிப்பதாக இருந்தால்? ஒரு காலன் பால், கல்சர், ரென்னெட், தெர்மாமீட்டர், அரை நாள். அதிக வெப்பத்தில் பதப்படுத்திய பால் சரியாக உறையாது என்பதால் பால் வாங்குவதிலேயே கவனம் வேண்டும். செய்து பார்க்க வேண்டிய வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் சுமார் ஒரு பவுண்டை எண்ணெயில் போட எனக்கு மனசு வராது.

பீர் மாவு

மேடிசன் மதுக்கூடங்களில் பேர்வாங்கிய கர்ட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. மெல்லிய, உப்பிய, பொன்னிறத் தோல். கடித்தால் தோல் நொறுங்கி, சீஸ் உடனே வெளியே வரும். ஒரு பவுண்டு கர்ட்டுக்கு ஒரு கப் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, முக்கால் கப் பீர். பஜ்ஜி மாவைவிட ஒரு பங்கு இளக்கமாக, கரண்டியின் பின்பக்கத்தை ஒரு படலமாக மூடும் அளவுக்கு இருக்க வேண்டும்.

பீர் எதற்கு? அதன் குமிழிகள் எண்ணெயில் விரிந்து தோலைப் பஞ்சு போல ஆக்குகின்றன. ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் தோல் வேகமாகக் காய்கிறது. மைதாவில் பசைத்தன்மை இறுகுவதையும் அது கொஞ்சம் தடுக்கிறது. கசப்பு அதிகமில்லாத லேசான லாகர் வகை போதும். கசப்பு பீரை ஊற்றினால் அந்தக் கசப்பு தோலில் தங்கிவிடும். பீர் வேண்டாம் என்பவர்கள் சில்லென்ற கிளப் சோடா ஊற்றலாம். மொறுமொறுப்பு கிட்டத்தட்ட வரும், மால்ட் மணம் மட்டும் வராது. பொரிக்கும் அந்த ஒன்றரை நிமிடத்தில் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று நம்பிக் குழந்தைகளுக்குப் பீர் மாவில் போட்டுக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குச் சோடா மாவு தனியாகக் கரைத்துவிடுங்கள், அதில் ஒரு சிரமமும் இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் முட்டையை விட்டுவிட்டு, மைதாவில் கால் பங்கைக் கார்ன்ஃப்ளாராக மாற்றினால் தோல் இன்னும் கரகரப்பாகவே வரும். முட்டை போன அளவுக்குச் சோடாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் ஒரே ஒரு இடம்தான் கவனிக்க வேண்டியது. கர்ட் சில்லென்றும், எண்ணெய் நல்ல சூடாகவும் இருக்க வேண்டும். கர்ட்டை மாவில் போடுவதற்கு முன் அரை மணி நேரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். எண்ணெய் 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 செல்சியஸ். தோல் இறுகுவதற்கும் சீஸ் உருகுவதற்கும் நடுவில் ஒரு ஓட்டப் பந்தயமே நடக்கிறது. தோல் ஜெயிக்க வேண்டும். கர்ட் அறைச் சூட்டில் இருந்தாலோ, எண்ணெய் ஆறிப் போயிருந்தாலோ சீஸ் முந்திக்கொண்டு எங்காவது ஓட்டை போட்டு எண்ணெயில் இறங்கிவிடும். அப்புறம் சட்டி முழுக்க நுரையும் தெறிப்பும்தான்.

அருகில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். போட்ட உடனே கர்ட் அடியில் போய், சில விநாடியில் மேலே மிதக்கும். சுற்றிலும் பெரிய குமிழிகள் சீறும். ஒரு நிமிடம் ஆவதற்குள் தோல் வெளுப்பில் இருந்து வைக்கோல் நிறத்துக்கு வரும், குமிழிகள் சின்னதாகும். பொன்னிறம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு கர்ட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முத்து வெளியே எட்டிப் பார்க்கும். அதுதான் சீஸ். அதைப் பார்த்ததும் ஜல்லிக்கரண்டியில் மொத்தத்தையும் வாரிவிட வேண்டும். கடிகாரத்தைவிட அந்த முத்தை நம்புங்கள். ஒன்றரை நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் கர்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

மாவு வழுக்கி இறங்கினால், கர்ட்டை முதலில் உலர்ந்த மைதாவிலோ கார்ன்ஃப்ளாரிலோ புரட்டி உதறிவிட்டு அப்புறம் கரைசலில் முக்குங்கள். கர்ட்டின் மேலே கொழுப்பும் ஈரமும் இருப்பதால் நேராக முக்கும்போது கரைசல் பிடிக்காது. இந்த ஒரு படியைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பீர் மாவின் பெரிய குறை, அது காத்திருக்காது. முன்கூட்டியே முக்கி வைக்க முடியாது; பொரித்த பிறகும் பத்து நிமிடத்தில் தோல் நமத்துவிடும். பொரிப்பவர் அடுப்படியிலேயே நிற்க, மற்றவர்கள் சுற்றி நின்று சாப்பிட வேண்டும். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு இது சுகம். இருபது பேர் வரும் பார்ட்டிக்குப் பொரிப்பவர் பாடு திண்டாட்டம்.

கடலை மாவு கைவசம் இருக்கிறதே என்று நம் வீடுகளில் ஒரு யோசனை வரும். நானும் அதன் பக்கம்தான் இருந்திருப்பேன், ஆனால் இங்கே அது பொருந்தவில்லை. கடலை மாவின் வாசனை தூக்கலாக இருப்பதால் இளம் சீஸின் மெல்லிய பால் ருசி அதற்கு அடியில் போய்விடுகிறது. அது பச்சை வாசனை போக வேகவும் கூடுதல் நேரம் கேட்கும், அந்த நேரம் சீஸிடம் இல்லை. மிளகாய்த் தூளோ மிளகோ போட ஆசை என்றால் மைதாக் கரைசலிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பிரெட் தூள்

கல்வர்ஸ் கடையில் கர்ட் சாப்பிட்டவர்களுக்கு இந்த வகை தெரியும். 1984-இல் சாக் சிட்டியில் தொடங்கிய விஸ்கான்சின் நிறுவனம் அது. வெள்ளையும் மஞ்சளுமாகக் கலந்த கர்ட்டுக்குப் பிரெட் தூள் பூச்சு. தோல் கெட்டி, கடிக்கக் கரகரப்பு, சீஸ் கொஞ்சம் அடக்கமாக உள்ளே இருக்கும்.

மூன்று கிண்ணம் வேண்டும்: உப்பும் மிளகும் போட்ட மைதா, ஒரு கரண்டி பால் விட்டு அடித்த முட்டை, பிரெட் தூள் அல்லது பாங்கோ என்ற ஜப்பானிய வகை பிரெட் தூள். மைதா, முட்டை, தூள் என்று ஒரு சுற்று; திரும்பவும் முட்டை, தூள். இந்த இரண்டாவது பூச்சு இல்லாவிட்டால் கர்ட்டின் மடிப்புகளில் எங்காவது இடைவெளி விட்டிருக்கும், அது வழியாகத்தான் சீஸ் ஒழுகும். கர்ட் ஒழுங்கான உருண்டை இல்லை, கோணல்மாணலாக இருக்கும். அந்த இடுக்குகளில் விரலால் தூளை அழுத்திவிட வேண்டும். பாங்கோவை அப்படியே போடாமல் கையால் நொறுக்கிப் போட்டால் இடுக்குகளில் நன்றாக உட்காரும். வேலை அதிகம்தான். ஒரு பவுண்டுக்கு நிதானமாக அரை மணி நேரமாவது பிடிக்கும், விரலெல்லாம் மாவு கட்டும். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை தூளுக்கு என்று பிரித்துக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

அந்த உழைப்புக்குப் பலன் ஒன்று உண்டு: முந்தின நாளே முடித்துவிடலாம். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கெட்டியானதும் பையில் போட்டு மூடிவிட்டால் சில வாரம்கூட அப்படியே இருக்கும். விருந்தாளிகள் வந்ததும் இளக விடாமல் நேராகப் பொரிக்கலாம், பீர் மாவுக்கு ஆகும் நேரத்தைவிட அரை நிமிடம் போலக் கூடும். கூட்டம் அதிகமென்றால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

எண்ணெய்ச் சட்டியில் இதைப் பொரிக்கலாமா? தாராளமாக. ஆனால் உதிரும் தூள் சட்டியின் அடியில் தங்கிக் கருகி, அடுத்தடுத்த ஈடுகளுக்குக் கசப்பைக் கொடுக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் வலைக் கரண்டியால் அரித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி, ஏர் ஃப்ரையர், ஓவன்

எண்ணெய் நிறைய ஆகுமே என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். அகலமான வாணலி வேண்டாம். குறுகலான, ஆழமான, அடி கனத்த பாத்திரத்தில் ஒரு குவார்ட் எண்ணெய், கிட்டத்தட்ட ஒரு லிட்டர், போதும். பாதிக்கு மேல் எண்ணெய் ஏறக் கூடாது. ஈடுக்கு ஏழெட்டுக் கர்ட்டுக்கு மேல் போடாதீர்கள். சில்லென்ற கர்ட் கூட்டமாக விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். கனோலா, சுத்திகரித்த கடலை எண்ணெய் இரண்டுமே இந்தச் சூட்டைத் தாங்கும். விருந்தாளிகளில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல், ஒரு சொட்டு மாவு போட்டு அது எழும்புவதைப் பார்த்துச் சூட்டைக் கணிக்க நம் கைகளுக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பண்டத்துக்கு மட்டும் தெர்மாமீட்டர் வாங்குங்கள் என்பேன். வடைக்கு இருபது டிகிரி கூடக் குறைய இருந்தால் நிறம்தான் மாறும், சீஸ் கர்ட்டுக்கு அந்த இருபது டிகிரியில் சட்டியே நாசமாகும்.

எடுத்ததைப் பேப்பரில் குவித்து வைத்தால் அடியில் ஆவி பிடித்து நமக்கும். கம்பித் தட்டில் பரப்புங்கள். உப்பு, எண்ணெயை விட்டு எடுத்த அந்த நொடியிலேயே தூவினால்தான் ஒட்டும்.

ஏர் ஃப்ரையரில் பீர் மாவு போடவே கூடாது. ஈர மாவைப் பிடித்து நிறுத்த அங்கே சூடான எண்ணெய் இல்லை. மாவு கூடையின் ஓட்டைகள் வழியே சொட்டும், மிச்சம் கம்பியோடு ஒட்டி வேகும், எடுக்கும்போது தோல் அங்கே, சீஸ் இங்கே என்று வரும். இரண்டு பூச்சுப் பிரெட் தூள் போட்டு, ஒரு மணி நேரமாவது ஃப்ரீசரில் கிடந்து கல்லாக இறுகிய கர்ட்டுக்குத்தான் ஏர் ஃப்ரையர். எல்லாப் பக்கமும் எண்ணெய் ஸ்பிரே அடித்து, முன்னாலேயே 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்கிய கூடையில் இடைவெளி விட்டு அடுக்கினால் நாலைந்து நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் இருந்தே திறந்து பார்த்துக்கொண்டிருங்கள். தூளை மட்டும் தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் லேசாக நிறம் மாறும்வரை வறுத்து ஆறவைத்துப் பூசினால், சீஸ் ஒழுக ஆரம்பிப்பதற்குள் நல்ல நிறம் கிடைத்துவிடும். இந்த ஒரு உபாயம் தெரிந்தால் ஏர் ஃப்ரையர் கர்ட்டும் பெருமையாகப் பரிமாறும் பண்டம்தான்.

ருசியில் இரண்டும் ஒன்றா? இல்லை. எண்ணெயில் பொரித்ததன் தோல் உப்பி, நொறுங்கி, அடுத்ததற்குக் கையை இழுக்கும். ஏர் ஃப்ரையரில் வருவது கரகரப்பான ஒரு உறை, அவ்வளவுதான். ஆனால் வாரநாள் சாயங்காலம், ஜன்னல் திறக்க முடியாத ஜனவரிக் குளிரில், வீடு முழுக்க எண்ணெய்ப் புகை சூழாமல் ஒரு தட்டு வேண்டுமென்றால் நான் அதைத்தான் போடுவேன். சாதாரண ஓவனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூடு மெதுவாக ஏறுவதால் தோல் காய்வதற்குள் சீஸ் தட்டில் பரவிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் பார்க்கலாம்.

சைவம் பார்ப்பவர்களுக்கு

ரென்னெட் என்பது பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் நொதி. 1990-இல் அமெரிக்க அரசு, நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கும் அதே நொதியை அனுமதித்தது. இன்று இங்கே பெரும்பாலான சீஸ் அதில்தான் செய்யப்படுகிறது. ஆனாலும் பாக்கெட்டில் வெறுமனே 'என்சைம்ஸ்' என்று போட்டிருந்தால் அது எந்த வகை என்று தெரியாது. 'மைக்ரோபியல்' என்றோ 'வெஜிடேரியன்' என்றோ தெளிவாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஆலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம். கடையில் பொரித்ததைச் சாப்பிடும்போது எண்ணெயையும் கேட்க வேண்டும், பல இடங்களில் மீனும் கர்ட்டும் ஒரே எண்ணெயில்தான் பொரிகின்றன. வீட்டில் செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

கர்ட்டே கிடைக்காத ஊரில்

பன்னீரைப் பொரித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பன்னீர் அமிலத்தில் திரிந்தது, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. நல்ல பண்டம்தான், ஆனால் இது அல்ல. ஹலூமி என்ற சீஸும் உருகாது. பழைய, கூர்மையான செடாரும் வேண்டாம், புரதம் சிதைந்து போயிருப்பதால் சூட்டில் கொழுப்பு தனியே பிரிந்து கசியும். ஈரம் குறைந்த மொஸரெல்லாக் குச்சிகளை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் நூல் நீளும், ருசி கொஞ்சம் சப்பென்று இருக்கும். ருசியில் மிக நெருங்கி வருவது மைல்டு செடார் அல்லது மான்டரே ஜாக். கட்டியாக வாங்கி, கத்தியால் சதுரமாக வெட்டாமல் கையால் உடைத்துத் துண்டாக்குங்கள். சொரசொரப்பான பக்கத்தில் மாவு நன்றாகப் பிடிக்கும்.

தொட்டுக்கொள்ள விஸ்கான்சினில் ராஞ்ச் என்ற வெள்ளைச் சாஸ்தான் வழக்கம். தக்காளி சாஸ் வைப்பவர்களும் உண்டு, ஆனால் புளிப்பு தூக்கலாகி சீஸை மறைக்கிறது. கெட்டித் தயிரில் பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, உப்பு, கொஞ்சம் மயோனெய்ஸ் கலந்தால் வீட்டு ராஞ்ச் ஐந்து நிமிட வேலை. அதை எண்ணெய் வைப்பதற்கு முன்னாலேயே கலந்து மேசையில் வைத்துவிடுங்கள். முதல் ஈடு இறங்கிய பிறகு உங்களுக்கு அதற்கெல்லாம் கை ஒழியாது.